சப்மெர்சிபிளில் வருவது ஏ-வா, ஐ-யா?

கோவையில் கணபதி என்கிற பகுதியில் ஆரம்பித்து ஆவாரம்பாளையம் வழியாகப் பீளமேடு வரை வண்டியில் மெதுவாகப் போனால், தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற பம்பைக் குறிக்கும் சப்மெர்சிபிள் என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டு மூன்று விதமாக எழுதி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஒரு பலகையில் கடைசி நாலு எழுத்து ஐ, பி, எல், இ. அடுத்த கடையில் ஏ, பி, எல், இ. எல்லாக் கடையிலும் விற்பது ஒரே மாதிரி பம்புதான். போர்வெல்லில் இறக்கினால் எல்லாமே தண்ணீர் கொடுக்கும். எழுத்தைப் பார்த்தா பம்பு வாங்குகிறார்கள் என்று கடைக்காரர் கேட்டால் மறுத்துப் பேச முடியாது.

கேட்லாக் வேறு விஷயம். அது வெளிமாநிலம், வெளிநாடு என்று போகிறது. நான் கோவையில் ஓர் அச்சகத்தில் டிசைன் பார்க்கிறேன். பம்பு கம்பெனி கேட்லாக், மோட்டார் நேம் பிளேட், திருப்பூர் பனியன் கம்பெனிகளின் அட்டை, லேபிள், பில் புக், விசிட்டிங் கார்டு என்று எது வந்தாலும், ஆங்கிலம் இருந்தால் புரூஃப் என் மேஜைக்கு வந்துவிடும். கோரல் டிராவில் வேலையை முடித்து எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கிவிட்டால் அப்புறம் அது வெறும் படம். சிவப்புக் கோடு போட்டுக் காட்ட அங்கே யாரும் இல்லை. மனுஷக் கண்தான் பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்த்ததில் தெரிந்தது, தப்புகளில் பெரும்பாலானவை சொல்லின் தலையில் இல்லை, வாலில் இருக்கின்றன. ஏபிளா இபிளா? அன்ஸ் என்று முடிந்தால் ஏ-வா இ-யா? டர் என்று முடிந்தால் இ-யா ஓ-வா? (முழுக்கத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். ஐ, பி, எல் என்று படிக்கும்போது கிரிக்கெட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. அந்த பி வேறு, இந்த பி வேறு.)

இந்த இடத்தில் காது உதவாது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் ஏதாவது ஓர் அசையைத்தான் அழுத்திச் சொல்வார்கள். அழுத்தம் விழாத அசையில் இருக்கிற உயிரெழுத்து எதுவானாலும் பெரும்பாலும் மங்கிப்போய் அரைகுறை ‘அ’ போல ஆகிவிடும். நாம் பேசுகிற பின்னொட்டுகள் எல்லாம் அந்த மங்கலான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் லண்டனில் பிறந்தவருக்கும் இங்கே தடுமாற்றம் உண்டு. நாம் இரவல் வாங்கியபோதும் அந்த மங்கலோடேயே வாங்கினோம். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நம் வாயில் ஒரே ‘அர்’தான். டாலரன்ஸுக்கும் ரெஃபரன்ஸுக்கும் ஒரே ‘ரன்ஸ்’தான்.

எங்கள் பக்கம் ஊருக்குள் புதிதாக ஒரு பையன் வந்து நின்றால், பேரைக் கேட்பதற்கு முன்னால் பெரியவர்கள் “நீ ஆரூட்டுப் பையன் கண்ணு?” என்று கேட்பார்கள். பதில் வந்ததும் பாதி விவரம் தெரிந்துவிடும். இந்தச் சொற்களிடமும் அதையே கேட்கலாம். ஒலி சொல்லாததைச் சொந்தபந்தம் சொல்லிவிடும். எல்லா நேரமும் அல்ல, ஆனால் பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடப் பல மடங்கு மேல்.

சப்மெர்சிபிளையே எடுத்துக்கொள்வோம். ஏபிள், இபிள் இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவை. லத்தீன் வினைச்சொற்களை இலக்கணக்காரர்கள் நாலு வகையாகப் பிரிப்பார்கள். முதல் வகையில் பிறந்தவற்றுக்கு ஏ, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஐ. நடுவில் பிரெஞ்சு புகுந்து ஏ-வையே பொதுவாக்கிவிட, ஆங்கிலத்துக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு யாராவது புதிதாக ஒரு சொல் கட்டினால் அது ஏ-வில்தான் முடியும். வாஷபிள், வேரபிள், டவுன்லோடபிள் எல்லாம் அப்படி வந்தவை. ஐ-யில் முடிகிறவை பழைய சொத்து, அதில் புதிதாகச் சேர்வது அபூர்வம்.

இதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு விதி சொல்லித் தருவார்கள். வாலை வெட்டிப் பார், மிச்சம் தனிச் சொல்லாக நின்றால் ஏ, நிற்காவிட்டால் ஐ. வாஷ் நிற்கும், அதனால் வாஷபிளுக்கு ஏ. விசிபிளில் வாலை வெட்டினால் மிச்சம் எதுவும் தேறாது, அதனால் ஐ. நல்ல விதிதான், ஆனால் எங்கள் ஊர்த் தொழில் பக்கம் வந்தால் படுத்துவிடுகிறது. இரண்டு பக்கமும் திருப்பிப் போடுகிற சட்டைக்குத் திருப்பூரில் ரிவர்சிபிள் என்று பெயர். ரிவர்ஸ் ஜம்மென்று தனியாக நிற்கிற சொல், இருந்தும் ஐ. கன்வர்ட்டிபிள், கொலாப்சிபிள், டைஜெஸ்டிபிள் எல்லாம் அதே கதை. எதிர்ப்பக்கம் ப்ராபபிள், வாலை வெட்டினால் நிற்காது, ஆனால் ஏ.

அதைவிட எனக்குக் கைகொடுப்பது ஏஷன் சோதனை. அந்தச் சொல்லின் சொந்தக்காரர்களில் ஏஷன் என்று முடிகிற ஒருவர் இருக்கிறாரா என்று பார்ப்பது. அப்ளிகேஷன் இருக்கிறது, அப்ளிக்கபிளுக்கு ஏ. அடாப்டேஷன் இருக்கிறது, அடாப்டபிளுக்கு ஏ. பழைய வண்டி விற்கிற விளம்பரத்தில் வருமே, நெகோஷியபிள், அதற்கு நெகோஷியேஷன் சாட்சி. ஏஷன் இல்லாமல் வெறும் ஷன் என்று இருந்தால் ஐ பக்கம் சாயலாம். பெர்மிஷன், பெர்மிசிபிள். சப்மெர்ஷன், சப்மெர்சிபிள். ஆக, பம்புக் கடைப் பலகையில் ஐ போட்டவர்தான் சரி.

ஓட்டை இல்லாமல் இல்லை. ப்ரெடிக்‌ஷன், டிடெக்‌ஷன் இரண்டிலும் ஏஷன் கிடையாது, ஆனாலும் ப்ரெடிக்டபிள், டிடெக்டபிள் இரண்டுக்கும் ஏ-தான். ஆனால் வாலுக்கு முன்னால் எஸ் நிற்கிற சொற்கள் பலவற்றில் ஐ-யை நம்பலாம். ரெஸ்பான்சிபிள், ரிவர்சிபிள், பாசிபிள், சென்சிபிள். யூசபிள், அட்வைசபிள் மாதிரி விலக்குகள் உண்டு. இன்டிஸ்பென்சபிளும் ஏமாற்றப் பார்க்கும், ஆனால் டிஸ்பென்சேஷன் என்று அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் காட்டிக்கொடுத்துவிடுவார்.

ஏபிளை ஒட்டும்போது இன்னொரு கவனம் வேண்டும். சி, ஜி இரண்டும் மென்மையாக ஒலிக்க வேண்டுமானால், ஏ-வுக்கு முன்னால் இருக்கிற இ-யைத் தூக்கிவிடக் கூடாது. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்ப்ரேயர் பெட்டியில் ரீசார்ஜபிள் என்று போடுகிறோம். சார்ஜில் இருக்கிற இ அப்படியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜி-யைக் கடினமாகப் படிக்க வேண்டி வரும். சர்வீசபிள், நோட்டீசபிள் இரண்டுக்கும் இதேதான். எலிஜிபிளுக்கு இந்தக் கவலை இல்லை, அங்கே ஐ-யே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இ-யைத் தூக்கிவிடுகிற விஷயத்தில் திருப்பூருக்கென்று தனிக் கதை உண்டு. சாயமேற்றும் தொழிலுக்கு டையிங் என்று எழுத டி, ஒய், இ, ஐ, என், ஜி என்று ஆறு எழுத்து வேண்டும். நடுவில் இருக்கிற இ-யை விட்டால் சாகக் கிடக்கிறது என்று அர்த்தமாகிவிடும். நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன்னால் வரைக்கும் இ இல்லாத பலகையைப் பார்த்தால் சிரிப்பு வரும். அப்புறம் கொஞ்ச காலம் வரவில்லை.

அடுத்தது, அச்சகத்தில் தினமும் தலையைத் தின்கிற இ-ஓ தகராறு. டவுன் பஸ்ஸில் ஏறினால் ஸ்டியரிங் பிடிக்கிறவருக்கு இ, டிக்கெட் கொடுக்கிறவருக்கு ஓ. பனியன் கம்பெனிக்கு ஆட்கள் தேவை என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொல்லி வந்தால் இன்னும் வேடிக்கை. கட்டர் இ, டெய்லர் ஓ, செக்கர் இ, ஆபரேட்டர் ஓ, ஹெல்ப்பர் இ. சூப்பர்வைசரும் மெர்ச்சண்டைசரும் ஒரே கேபினில் உட்கார்ந்து ஒரே மாதிரி ஒலிப்பார்கள், ஆனால் முதலாமவருக்கு ஓ, இரண்டாமவருக்கு இ. ஒருவர் புரூஃபைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்ணா, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டுருங்ணா, பாக்கறதுக்கு லட்சணமா இருக்கும்.” அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் இல்லை.

கட், செக், ஹெல்ப், டிரைவ் மாதிரி அன்றாடச் சொற்களின் பின்னால் ஆங்கிலம் தன் சொந்தச் சரக்கான இ-ஆர் வாலை ஒட்டும். ஓ-ஆர் லத்தீன் வீட்டு வழக்கம். லத்தீனில் செய்பவரைக் குறிக்கிற பெயர் டி அல்லது எஸ்-க்குப் பின்னால் ஓ-ஆர் என்று வரும். அதனால் வினைச்சொல் ஏட் என்ற பின்னொட்டில் முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓ போடலாம். ஆபரேட்டர், ஜெனரேட்டர், கால்குலேட்டர், வென்டிலேட்டர். டிபேட்டருக்கு இ வருகிறதே என்றால், அங்கே இருக்கிற ஏட் பின்னொட்டே அல்ல, வேரின் பகுதி. சி-டி சேர்ந்து முடிந்தாலும் பெரும்பாலும் ஓ-தான்: கலெக்டர், கான்ட்ராக்டர், இன்ஸ்பெக்டர், டிராக்டர். இரட்டை எஸ்-ஸில் கம்ப்ரசர், ப்ராசசர், ப்ரொஃபசர் மூன்றும் ஓ.

இரட்டை எஸ் என்றதும் எல்லாவற்றுக்கும் ஓ என்று போய்விட முடியாது. தையல் மெஷினில் ஊசிக்குக் கீழே துணியை அழுத்திப் பிடிக்கிற பாதம் இருக்கிறதல்லவா, திருப்பூரில் எல்லோரும் பிரஷர் ஃபுட் என்பார்கள். உதிரிபாகப் பட்டியலிலும் பிரஷர் என்றே அடிக்கச் சொல்லி வரும். உண்மையில் அது ப்ரெஸ்ஸர் ஃபுட், முடிவில் இ-ஆர். கம்ப்ரசர் லத்தீன் அச்சில் வந்த சொல். ப்ரெஸ்ஸர், ப்ரெஸ் என்ற சொல்லின் மேல் ஆங்கிலம் தன் வீட்டிலேயே கட்டியது. காற்றை அழுத்தினால் ஓ, துணியை அழுத்தினால் இ. கம்ப்யூட்டர், டிரான்ஸ்ஃபார்மர், இன்வெர்ட்டர், எக்ஸ்போர்ட்டர் எல்லாவற்றுக்கும் வேர் லத்தீன்தான், ஆனால் கட்டியது ஆங்கிலம், அதனால் இ. கிரைண்டருக்கு இந்தக் குழப்பமே இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் கோவை வெட் கிரைண்டர் இரண்டு சொல்லிலும் சுத்தமான பழைய ஆங்கிலம்.

என்ஜினியர்கள் இதற்குள் ஒரு வேலை பார்த்திருக்கிறார்கள். சில சொற்களில் ஆளுக்கு இ, கருவிக்கு ஓ என்று பிரித்துவிட்டார்கள். எதிர்த்து நிற்கிற மனிதர் ரெசிஸ்டருக்கு இ, சர்க்யூட் போர்டில் இருக்கிற ரெசிஸ்டருக்கு ஓ. கன்வேயரும் அப்படித்தான், பெல்ட் என்றால் ஓ. 1948-இல் பெல் ஆய்வகத்தில் ஜான் பியர்ஸ் டிரான்சிஸ்டர் என்ற பெயரைக் கட்டியபோது இந்த ஓ-வைத்தான் பிடித்துக்கொண்டார். அடாப்டரும் அட்வைசரும் எந்தப் பக்கமும் சேராமல் இரண்டு விதமாகவும் நிற்கின்றன. டாக்ஸ் அட்வைசர் கார்டு வந்தால் அவர் எழுதித் தந்த மாதிரியே விட்டுவிடுவேன்.

ஏ-வா இ-யா என்கிற அன்ஸ் விவகாரம் பட்டறைக்காரர்களுக்குச் சுலபம். லேத் டிராயிங்கில் வருகிற டாலரன்ஸ், கிளியரன்ஸ் இரண்டும் ஏ. மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரருக்குத் தெரிந்த ரெசிஸ்டன்ஸ், இன்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ், இம்பீடன்ஸ் எல்லாமே ஏ. இதில் இம்பீடன்ஸும் இன்டக்டன்ஸும் 1880-களில் ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேயர் உண்டாக்கியவை. லத்தீன் மூலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இம்பீடன்ஸுக்கு ஏ வர நியாயமில்லை. ஆனால் அது ரெசிஸ்டன்ஸுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய சொல். ஏபிள் மாதிரியே இங்கேயும் புதிதாகக் கட்டுகிறவர் கை ஏ பக்கம்தான் போகிறது.

அந்த ரெசிஸ்டன்ஸே ஒரு வில்லங்கமான வீட்டுப் பிள்ளை. லத்தீனில் நிற்பது என்று பொருள்படுகிற ஒரே வினையிலிருந்து ரெசிஸ்டன்ஸ், அசிஸ்டன்ஸ், எக்சிஸ்டன்ஸ், பெர்சிஸ்டன்ஸ், இன்சிஸ்டன்ஸ் எல்லாம் வந்தன. முதல் இரண்டுக்கும் ஏ. மற்ற மூன்றுக்கும் இ. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் எப்படி இரண்டாகப் பிரிந்தன? பிரெஞ்சில் எந்த வகை வினையானாலும் அந்த இடத்தில் ஏ-தான் வரும். 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்கள் காலத்தில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்த சொற்கள் ஏ-வோடு வந்தன. பின்னால் லத்தீன் படித்தவர்கள் நேராக மூலத்தைப் பார்த்து எழுதியவை இ-யோடு நின்றன. 1755-இல் அகராதி போட்ட சாமுவேல் ஜான்சனே தன் முன்னுரையில் டிபென்டன்ட் என்ற சொல்லைக் காட்டி, எழுதுகிறவர் மனதில் எந்த மொழி இருக்கிறதோ அதற்கேற்றபடி கடைசி அசை மாறுகிறது என்று சொல்லிவிட்டார். பிரிட்டிஷ்காரர்கள் அந்தச் சொல்லை இன்னமும் இரண்டாக வைத்திருக்கிறார்கள். ஒருவரை நம்பியிருக்கிற ஆளுக்கு ஏ, நம்பியிருக்கிற என்ற பண்புக்கு இ. அமெரிக்காவில் இரண்டுக்கும் இ-யே போதும்.

ஆஸ்பத்திரிக்கு லெட்டர் பேட் அடிக்கும்போது இந்தப் பழைய சண்டை ஒரே தாளில் வரும். அட்டெண்டன்ட்டுக்கு ஏ, சூப்பரின்டெண்டென்ட்டுக்கு இ. இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றேதான்.

இங்கே எனக்குப் பிடித்த வழி, சொல்லை நீட்டி அழுத்தத்தை நகர்த்துவது. கான்ஃபிடன்ஸில் மங்கிக் கிடக்கிற எழுத்து, கான்ஃபிடென்ஷியல் என்று நீட்டினால் ‘டென்’ என்று வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது, ஆகவே இ. ரெசிடன்ஸுக்கு ரெசிடென்ஷியல். சப்ஸ்டன்ஸை நீட்டினால் சப்ஸ்டான்ஷியல், அங்கே ஏ. இதே வித்தை ஓ-வுக்கும் வேலை செய்யும். எடிட்டரை நீட்டினால் எடிட்டோரியல். நீட்ட முடியாத சொல்லுக்கு வினையைப் பார்க்கலாம். டாலரேட் என்று ஏட்-டில் முடிந்தால் டாலரன்ஸ் ஏ. ரெஃபர், ப்ரிஃபர், அக்கர் என்று ஆர்-இல் முடிந்து கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் இ. எதற்கும் அகப்படாதது மெயின்டனன்ஸ். முடிவில் ஏ, சரி. நடுவில் மெயின்டெயினில் இருந்த ஏ, ஐ இரண்டும் போய் ஒரு இ வந்து நிற்கும். அபார்ட்மெண்ட் ரசீதுப் புத்தகம் அடிக்கச் சொல்லி வருகிற கையெழுத்துப் பிரதியில் அதைச் சரியாகப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

ஆர்கனைஸ் மாதிரி ‘ஐஸ்’ என்று முடிகிற சொற்களில் எஸ்-ஆ இசட்-ஆ என்பது திருப்பூரில் இலக்கணமே அல்ல, பையர், அதாவது சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, யார் என்பதுதான் கேள்வி. அமெரிக்கா என்றால் இசட், இங்கிலாந்து என்றால் பெரும்பாலும் எஸ். பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் இங்கிலாந்தில் இருந்துகொண்டே கிரேக்க மூலத்தைக் காட்டி இசட் போடுகிறவர்கள். ஆனால் அட்வர்டைஸ், சூப்பர்வைஸ், எக்சர்சைஸ், மெர்ச்சண்டைஸ் என்று சில சொற்கள் உண்டு, அவற்றில் இருப்பது அந்தக் கிரேக்க வால் இல்லை. கடல் கடந்து போனாலும் அவற்றுக்கு எஸ்-தான். அமெரிக்க ஆர்டர் என்றதும் மெர்ச்சண்டைசருக்கும் இசட் போட்டுக் கார்டு கேட்கிற தம்பிகள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஸ்டேஷனரி. ஏ-ஆர்-ஒய் போட்டால் நகராமல் நிற்பது, இ-ஆர்-ஒய் போட்டால் நோட்டு, பேனா, பேப்பர். இரண்டும் ஒரே குடும்பம். இடைக்கால ஐரோப்பாவில் கூவி விற்றுத் திரியாமல் ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகமும் தாளும் விற்றவர்தான் ஸ்டேஷனர். அவர் முடிவில் இ-ஆர் இருப்பதால் அவர் விற்கிற சரக்குக்கும் இ. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கடைப் பலகை மாற்ற வந்தபோது இதைச் சொன்னேன். பழைய பலகையில் ஏ.

“அப்படீங்களா? எங்கப்பா வெச்ச போர்டுங்க அது. ஜிஎஸ்டி சர்டிபிகேட்லயும் அதேதானுங்க இருக்குது.”

“அப்படீன்னா பில் புக்குல மாத்த வேண்டாங்ணா. சர்டிபிகேட்ல எப்படியோ அப்படியே இருக்கட்டும். போர்டுல மட்டும் வேணும்னா சரி பண்ணிக்கலாம்.”

கொஞ்சம் யோசித்துவிட்டு அப்படியே செய்யச் சொன்னார். இப்போது பலகையில் இ, பில்லில் ஏ. நோட்டு வாங்க வந்த ஒரு பொண்ணு இரண்டையும் பார்த்துவிட்டு, இதில் எது சரி மாமா என்று கேட்டதாம். போர்டு சரி, பில்லு சட்டம் என்று சொல்லி அனுப்பியதாக அடுத்த முறை விசிட்டிங் கார்டு அடிக்க வந்தபோது சொன்னார். கார்டில் எதைப் போடுவது என்று நாங்கள் இரண்டு பேரும் இன்னும் முடிவு பண்ணவில்லை.